திறக்க நாலு நிமிடம்

குன்னூர் பேருந்து நிலையத்தைப் பார்த்தபடி ஒரு மாடிக் கடை இருக்கிறது. பகல் பதினோரு மணிக்கே மூடுபனி படியேறி உள்ளே வந்துவிடும். யாரும் அதை வா என்பதுமில்லை, போ என்பதுமில்லை. பழைய லேப்டாப்புகளைப் பிரித்துச் சரிசெய்யும் பானுவின் கடை அது. பானுவுக்கு முப்பத்திரண்டு வயது. தேவைக்கு மேல் பேசமாட்டார்.

அவரிடம் தொழில் கற்க வந்தவர் சந்தனசாமி. வயது ஐம்பத்தாறு. தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் இயந்திரங்களை நிற்கவிடாமல் ஓட்டியவர். தொழிற்சாலையை மூடிய பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் இந்தப் படியேறினார். குருவுக்குத் தன்னைவிட வயது குறைவு என்பதில் அவருக்குக் கூச்சமில்லை. குரு எதையும் ஆற அமரச் செய்வதுதான் பொறுக்கவில்லை.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மெஷினில் புதிதாக எதைப் போட்டாலும், கழற்றிய பழையதை உறையில் இட்டு, சொந்தக்காரர் பெயரை எழுதி ஒரு மாதம் அலமாரியில் வைப்பார்கள்.

"செத்ததுக்கெல்லாம் முப்பதாம் நாள் காரியமா பானும்மா?" என்று சந்தனசாமி கேலி செய்வார்.

"இருக்கட்டும்ணே" என்பார் பானு.

சந்தனசாமி முதன்முதலாகத் தனியாகச் செய்தது பிலோமினாவின் லேப்டாப். பிலோமினா வீட்டிலிருந்தபடியே அச்சகங்களுக்குப் புத்தகப் பக்கங்களை அமைத்துக் கொடுப்பவர். பத்து வருட மெஷின். திறக்க நாலு நிமிடம் ஆகும். திறந்த பிறகும் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே உறைந்து நிற்கும்.

வேலை நடுவில் உறையாமலிருக்க, சந்தனசாமி பழைய ரேமை எடுத்துவிட்டு நாலு மடங்கு பெரியதைப் போட்டார். ஹார்ட் டிஸ்கில் இருந்ததையெல்லாம் சட்டென்று திறக்கும் எஸ்எஸ்டிக்கு நகலெடுத்து, டிஸ்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மாட்டினார். பட்டனை அமுக்கிவிட்டு எண்ணினார். எட்டு நொடி. நம்பாமல் அணைத்து மறுபடி எண்ணினார். எட்டேதான். அன்று அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

பத்தாம் நாள் பிலோமினா லேப்டாப்போடு வந்து நின்றார்.

"ஏதாச்சும் கோளாறுங்களா?" என்றார் சந்தனசாமி.

"இல்லைங்க. ரொம்ப நல்லா ஓடுது." சற்றுத் தயங்கினார். "பழையபடியே ஆக்கித் தர முடியுங்களா?"

சந்தனசாமிக்குச் சுருக்கென்றது. பானு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். பிலோமினா உட்கார்ந்தார்.

"எங்கப்பா படுத்த படுக்கைங்க. ஒன்றரை வருஷமாச்சு. காலைல பட்டனை அமுக்கிட்டு, இது தொறக்கற வரைக்கும் அவர் பக்கத்துல போய் உக்காருவேன். தூக்கத்துல கண்ட கனவைச் சொல்லுவார்."

"என்ன கனவுங்க?" என்றார் பானு.

"தினமும் ஒரே கனவுதான். பனிக்குள்ள ஒரு பாதை. முன்னால யாரோ நடந்து போறாங்களாம், முகம் தெரியலியாம். இவர் பின்னாலயே போறாராம். ஒருநாள் ஒரு வளைவு வரைக்கும் சொல்லுவார். மறுநாள் அந்த வளைவுல இருந்து ஆரம்பிப்பார். அதுக்குள்ள லேப்டாப் சத்தம் குடுத்துரும். மீதி நாளைக்கும்மான்னுருவார்."

கடைக்குள் பனி நிறைந்திருந்தது. சந்தனசாமிக்கு எதிரே இருந்த மேசைகூட மங்கலாகத் தெரிந்தது. அவரும் கொஞ்ச தூரம் அந்தப் பாதையில் போய்விட்டுத்தான் திரும்பினார்.

"இப்ப அமுக்கின உடனே வந்துருது. வந்துட்டா வேலை கண்ணுல படுது. அப்படியே உக்காந்துடறேன்."

"அப்பாகிட்ட அஞ்சு நிமிஷம் இருந்துட்டு, அப்புறம் பட்டனை அமுக்குங்களேன்" என்றார் சந்தனசாமி. "அதுக்குப் போயி நல்ல மெஷினைக் கெடுக்கணுமா?"

"அதையும் நாலு நாள் செஞ்சு பாத்தேங்க. அவர் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். மனசு மட்டும் எந்திரிச்சு இதுகிட்ட வந்துருது. அவருக்கு அது தெரிஞ்சுருது. நீ போம்மா, வேலை இருக்கும்ங்கறார்."

"கனவு?" என்றார் பானு.

"இப்பல்லாம் வர்றதில்லன்னுட்டார்."

பிலோமினா அழவில்லை. லேப்டாப் மூடியை விரலால் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த இருவருக்கும் அது அழுகையைவிடக் கஷ்டமாக இருந்தது.

பானு அலமாரியிலிருந்து உறையை எடுத்தார். பத்து நாளில் சேர்ந்த பக்கங்களை முதலில் பழைய டிஸ்குக்கு நகலெடுத்தார். பிறகு எஸ்எஸ்டியைக் கழற்றிவிட்டு அந்த டிஸ்கை அதன் இடத்தில் வைத்துத் திருகினார். புது ரேமைத் தொடவில்லை. கழற்றிய எஸ்எஸ்டியை ஒரு சின்னப் பெட்டியில் பொருத்தி, ஒயரோடு கொடுத்தார்.

"வாராவாரம் உங்க வேலையெல்லாம் இதுல ஒரு நகல் எடுத்து வெச்சுக்குங்க. பழைய டிஸ்க், எப்ப வேணா போயிரும்."

பட்டனை அமுக்கினார். டிஸ்க் உள்ளே மெல்ல முனகிக்கொண்டு சுற்றியது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். கீழே ஊட்டி பஸ் ஒன்று கிளம்பிப் போனது. சத்தம் மட்டும் வந்தது, பஸ் தெரியவில்லை.

"மூணு நிமிஷம் அம்பது நொடி" என்றார் சந்தனசாமி. எண்ணாமல் இருக்க அவரால் முடியவில்லை.

"போதுங்க" என்றார் பிலோமினா.

அவர் படியிறங்கிப் பனிக்குள் மறையும்வரை சந்தனசாமி பொறுத்திருந்தார்.

"நான் செஞ்ச வேலை தப்பா பானும்மா?"

"இல்லண்ணே. ஒரு குறை சொல்ல முடியாது."

"அப்புறம் எதுக்குக் கழட்டினீங்க? கழட்டினதுதான் கழட்டினீங்க, ரேமை மட்டும் எதுக்கு விட்டீங்க?"

"வேலை நடுவுல நின்னா எரிச்சல் வரும். அந்த எரிச்சலோட அப்பாகிட்டப் போகக் கூடாதில்ல?"

"இனிமே அவருக்குக் கனவு வருமா?"

"தெரியலண்ணே."

சந்தனசாமிக்கு மனம் ஆறவில்லை. தொழிற்சாலையில் ஒரு இயந்திரப் பட்டை அறுந்தாலே சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடியவர் அவர். ஓடுகிற ஒன்றை வேண்டுமென்றே மெதுவாக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பார்?

"இது எந்த ஊர் நியாயம்மா? பெத்த அப்பன் பேசறதைக் கேக்கறதுக்கு மெஷின் மெதுவா ஓடணுமா? மனசு இருந்தா எப்ப வேணாலும் கேக்கலாம். என் வீட்லயுந்தான் பொஞ்சாதி இருக்கா. முப்பது வருஷமாச்சு. அவகிட்டப் பேச நான் எந்த மெஷினுக்கும் காத்துக் கெடக்கல."

பானு அடுத்த லேப்டாப்பைத் திருப்பிப் போட்டு முதல் திருகைக் கழற்றினார். தலை நிமிரவில்லை.

"இன்னிக்கு அண்ணி என்ன கனவு கண்டாங்கண்ணே?"