நரியின் பாட்டன் கல்

அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டே சொல்கிறேன். கிட்டே வந்து உட்காருங்கள். காயை மட்டும் எடுத்து விளையாடக் கூடாது.

ஒரு காட்டில், மலைக்கு ஏறும் பாதையின் ஓரமாக, ஒரு கல் இருந்தது. ஒரு கல் என்று சொன்னாலும் மூன்று கல். இரண்டு கல் நட்டமாக நிற்கும். அவற்றின் தலையில் ஒரு நீளக் கல் படுத்திருக்கும். முன்பு மனிதர்கள் அந்த வழியாகத்தான் சந்தைக்குப் போய்வந்தார்களாம். பிறகு வேறு பக்கம் ரோடு போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். பாதையும் கல்லும் மிருகங்களுக்கு மிச்சமாயின.

எதற்கு வைத்த கல் என்று ஒரு மிருகத்துக்கும் தெரியாது. இது போதாதா நரிக்கு? கல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"இது என் பாட்டனுக்கு வைத்த கல். இங்கேதான் அவர் ஒற்றை ஆளாகப் புலியைக் கொன்று தாமும் செத்தார். செத்தவர்களுக்குத்தானே கல் வைப்பார்கள்? இந்த வழியாகப் போகிறவர்கள் கொண்டுபோவதில் பாதியைப் பாட்டனுக்குப் படைக்க வேண்டும். கல்லைத் தொட்டால் கண் போய்விடும்!"

"சரிங்க, சரிங்க" என்று முயல் நடுங்கிக்கொண்டே பாதிப் புல்லை வைத்தது. நரி புல் தின்னாது. ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டது. மற்றவர்கள் படைத்த பழமும் தேனும் பொழுது சாய்வதற்குள் பேரன் வயிற்றுக்குப் போய்விடும்.

ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு கீரி வந்தது. எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்கும் கீரி.

"புலியை எப்படிக் கொன்றார், மாமா?"

"கடித்துத்தான்."

"எங்கே கடித்தார்?"

"கழுத்தில். உனக்கு எதற்கு இதெல்லாம்?"

"சும்மா, தெரிந்துகொள்ளத்தான்." கீரி கல்லின் அடியில் இருந்த பாசியை நகத்தால் சுரண்டியது. "இங்கே ஓர் உருவம் செதுக்கியிருக்கிறதே! தலையில் என்னவோ இருக்கிறது. வயிறு இவ்வளவு பெரிசு!"

முயல் கண்ணை இறுக்க மூடிக்கொண்டது. "தொட்டுட்டியே! கண் இருக்கா?"

"இருக்கு. மாமா, புலியைக் காணோமே?"

"தலையில் இருப்பது கிரீடம்" என்றது நரி. "புலி அந்த வயிற்றுக்குள்ளே இருக்கிறது. முழுப் புலியைத் தின்றால் வயிறு சும்மா இருக்குமா?"

"வால் இல்லையே, மாமா?"

நரி தன் வாலை மெல்லச் சுருட்டி அடியில் வைத்துக்கொண்டது. "சண்டையில் அறுந்துபோய்விட்டது."

"ஐயோ பாவம்" என்றது முயல்.

அப்போது கீழேயிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நிறைமாதக் கரடி ஒன்று, தலையில் பெரிய கிழங்கு மூட்டையோடு ஏறி வந்தது. குட்டி பிறந்தால் பல நாள் குகையை விட்டு வெளியே வர முடியாது. அதுவரைக்கும் அந்த மூட்டைதான் சாப்பாடு.

"இறக்கு, பாதியைப் படை" என்றது நரி.

"தரையில் இறக்கினால் மறுபடியும் குனிந்து தூக்க முடியாது, தம்பி. தூக்கிவிடவும் எனக்கு ஆள் இல்லை. இந்த ஒரு தடவை விட்டுவிடேன்."

"அப்படியா? மொத்தத்தையும் வைத்துவிட்டுப் போ!"

கரடியின் ஒரு கை மூட்டையைப் பிடித்திருந்தது, ஒரு கை இடுப்பில். கீரி கரடியைப் பார்த்தது. கல்லில் இருந்த உருவத்தைப் பார்த்தது. மறுபடியும் கரடியைப் பார்த்தது.

"அத்தை! தரையில் வேண்டாம். மூட்டையை அந்த மேல் கல்லில் தள்ளுங்கள்!"

"தொட்டால் கண் போய்விடும்!" என்று கத்தியது நரி.

"கண் அப்புறம் போகட்டும், இப்போது கழுத்து போகிறது" என்றது கரடி. அப்படியே ஒரு அடி முன்னே வைத்துத் தலையைச் சாய்த்தது.

குனியவில்லை, தூக்கவில்லை. மூட்டை கல்லின் மேல் நழுவிப் போய் உட்கார்ந்தது. மேல் கல் வழவழவென்று இருந்தது. அதற்கு முன்னே எத்தனை மூட்டை உரசியதோ!

"கண் தெரியுதா?" என்று முயல் கேட்டது.

"நரி நன்றாகவே தெரிகிறது" என்றது கரடி.

கீரி சொன்னது: "இது கிரீடம் இல்லை, மாமா, சுமை. வயிற்றில் இருப்பது புலியும் இல்லை. வயிற்றுப் பிள்ளையோடும் தலைச் சுமையோடும் இந்த வழியில் வந்த யாரோ ஒரு அம்மா. இரண்டையும் இறக்கிவைக்காமலே செத்துப்போயிருக்கிறாள். செத்தவர்களுக்குத்தானே கல் வைப்பார்கள்? அவள் பேரைச் சொல்லி, அடுத்து வருகிறவர்கள் சுமையை இறக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள்."

முயல் மெல்லப் போய், முதல் தடவையாக அந்தக் கல்லைத் தொட்டது.

"பாட்டனுக்கு வேறெங்கேயாவது கல் இருக்கும். தேடிப் பார்க்கிறேன்" என்று நரி புதருக்குள் நுழைந்தது.

கரடி மூச்சு அடங்கும்வரை நின்றது. பிறகு மூட்டைக்கு அடியில் தலையைக் கொடுத்து, யார் உதவியும் இல்லாமல் ஏறிப் போனது. நான்காம் நாள், மலைக் குகையிலிருந்து ஒரு குட்டியின் குரல் பாதைவரைக்கும் கேட்டது.

நீதி: கல்லைப் பற்றிச் சொல்கிறவன் வாயை மட்டும் பார்க்காதே, குனிந்து கல்லையும் பார்.

கல்லில் எழுத்து எதுவும் இல்லையாம், உருவம் மட்டும்தானாம். அந்த அம்மாவுக்கு என்ன பேர் இருந்திருக்கும் என்று நானும் ரொம்ப நாளாக...

"ஏ செல்லக்கிளி! பிள்ளை எழுந்துட்டாள் பாரு!"

இதோ வந்துட்டேன், அத்தை. அவள் பேர் மட்டும் தெரிந்திருந்தால் நான் என் பெண்ணுக்கு அதையே வைத்திருப்பேன்.