உராய்வை ஊர்விலக்கு வைத்த கதை

கோணமடைக்காரர்களையும் ஆண்டவன்தான் படைத்தான். அதில் சந்தேகம் வேண்டாம். புத்தியைப் பங்கு வைத்த அன்றைக்கு அவர்கள் பக்கத்து ஊர்த் தேரோட்டத்துக்குப் போய்விட்டார்கள், அவ்வளவுதான். திரும்பி வந்து கேட்டபோது பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. பாவம், அவனும் என்ன செய்வான்?

அந்த ஊரில் மாயழகு என்று ஒருவர். தங்கமான மனுஷன். அவருக்கு ஒரே மகள், தமயந்தி. அவள் வெளியூரில் பிறந்ததால் தப்பித்துக்கொண்டாள். பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிவிட்டு, "அப்பா, நான் எக்ஸ்ரே எடுக்கிற படிப்புப் படிக்கப் போறேன்" என்றாள். மாயழகுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் தலைக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க அவருக்கும் ரொம்ப நாளாக ஆசை.

அந்தப் படிப்புக்கு இயற்பியல் படித்திருக்க வேண்டும். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்பு அறிவியல் பிரிவு அந்த வருஷம்தான் தொடங்கியிருந்தது. பத்துப் பேராவது படித்தால்தான் வகுப்பு, இல்லாவிட்டால் மூடிவிடுவோம், நேரில் வந்து பார்ப்போம் என்று மேலிடத்து உத்தரவு. சேர்ந்ததோ ஏழு பேர். வகுப்பை மூடினால் தமயந்தி டவுனுக்குப் போய்ப் படிக்க வேண்டும். டவுனுக்கு பஸ் கிடையாது. அவள் படிப்பு அத்தோடு சரி.

"மூணு தலைதானே குறையுது? நம்ம ஊர்ல தலைக்கா பஞ்சம்?" என்றார் மாயழகு. தன் தலையோடு மச்சான் பெத்தணன் தலையையும், பங்காளி வீரபுத்திரன் தலையையும் சேர்த்துக் கொண்டுபோய் வகுப்பில் உட்கார வைத்தார். மூவரும் அந்தக் காலத்திலேயே பத்தாவது பாஸ் செய்தவர்கள். எப்படி என்று கேட்காதீர்கள். பேப்பர் திருத்தினவர் அத்தோடு சாமியாராகப் போய்விட்டதாகக் கேள்வி.

இயற்பியல் எடுக்க வந்தவர் எஸ்தர் டீச்சர். வெளியூர்க்காரர். கடைசி பெஞ்சில் மூன்று மீசைகளைப் பார்த்ததும் மனதுக்குள் ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டார். "ஐயா, நீங்க தலைக்கணக்குக்கு வந்திருக்கீங்க. வாயைத் திறக்காம உட்கார்ந்திருந்தா அதுவே புண்ணியம்" என்றார்.

மூவரும் அன்றைக்கு மதியச் சாப்பாட்டுக்கும் வாயைத் திறக்கவில்லை. வீரபுத்திரன் பசியில் சாய்ந்தே விட்டான். அவன் மூக்கு வழியாகத் தண்ணீர் குடிக்க முயற்சி செய்வதைப் பார்த்த பிறகுதான் டீச்சர், "ஐயோ, திறங்கய்யா, திறங்க!" என்று கத்தினார்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கணக்கு வந்தது. ஒரு சாய்ந்த பலகை. அதன் மேல் ஒரு கட்டை. கட்டை வழுக்கிக்கொண்டு கீழே வருகிறது. எவ்வளவு வேகம்?

"உராய்வு வேகத்தைக் குறைச்சிடும். ரெண்டு பொருள் ஒண்ணை ஒண்ணு தொடுற இடத்துல அது இருக்கும்" என்ற டீச்சர், "ஆனா இந்தக் கணக்குல உராய்வைப் புறக்கணிச்சிடுங்க" என்று முடித்தார்.

மாயழகு எழுந்து நின்றார். "டீச்சரம்மா, ஊரைக் கூட்டாம எப்படிப் புறக்கணிக்கிறது?"

"என்னது?"

"ஒருத்தரை ஒதுக்கணும்னா முறை இருக்கும்மா. பஞ்சாயத்து கூடணும். சும்மா நாம பத்துப் பேர் முடிவு பண்ணினா செல்லாது."

டீச்சருக்கு அன்றைக்குத் தலைவலி. "கூட்டுங்க, என்னமோ பண்ணுங்க. வெள்ளிக்கிழமை அதிகாரி வர்றார். அதுக்குள்ள புறக்கணிச்சிட்டு விடையைக் கொண்டுவாங்க" என்று சொல்லிவிட்டார். சொல்லியிருக்கக் கூடாது.

அன்று சாயங்காலமே கோவில் முன்னால் ஊர் கூடியது. பெத்தணன்தான் விசாரித்தார்.

"உராய்வு மேல என்ன பிராது?"

"வேகத்தைத் தின்னுடுதாம். நம்ம தமயந்தி கணக்குப் போட விடாம நடுவுல வந்து நிக்குதாம்" என்றார் மாயழகு.

"எங்க குடியிருக்கு?"

"ரெண்டு பொருள் தொடுற இடத்துல."

கூட்டத்தில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "சீ, கேட்கவே நல்லா இல்லையே" என்றாள் ஒருத்தி. ஆளின் நடத்தை எப்படிப்பட்டது என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

முறைப்படி மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். உராய்வு வரவில்லை. "திமிரைப் பாரு" என்றான் வீரபுத்திரன். தீர்ப்பாயிற்று. இன்று முதல் உராய்வோடு யாரும் புழங்கக் கூடாது. நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக் கூடாது. தண்ணீர், நெருப்பு எதுவும் கொடுக்கக் கூடாது. மறுநாள் காலையில் தண்டோராவும் போட்டாகிவிட்டது.

அப்புறம்தான் சங்கடம் தெரிந்தது. தீப்பெட்டியில் குச்சியை உரசினால் அங்கே உராய்வு வந்து நிற்கிறது. அதனால் அடுப்பு பற்றவில்லை. ஊரே அவல் நனைத்துத் தின்றது. ஆட்டுக்கல் ஓய்ந்தது. பல் துலக்குவதும் நின்றது. கோவில் பூசாரி சந்தனக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அழாத குறையாக வந்தார்.

"அரைக்காம எப்படிச் சாமிக்குச் சந்தனம் சாத்துவேன்?"

"கட்டையையே சாத்திடும்" என்றார் பெத்தணன். "சாமியும் இந்த ஊர்ல குடியிருக்குதா இல்லையா? ஊர்க்கட்டுப்பாடு எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அம்மன் நெஞ்சில் அந்தச் சந்தனக் கட்டையைத் தாங்கிக்கொண்டு பொறுமையாகத்தான் நின்றாள். பெற்றவளுக்குப் பொறுமை வேண்டும்.

பெத்தணனுக்கு முதுகில் அரிப்பு எடுத்தது. சொறிந்தால் கட்டுப்பாட்டை மீறியதாகும். தீர்ப்புச் சொன்னவரே மீறலாமா? கண்ணில் நீர் முட்ட முட்டப் பல்லைக் கடிக்கப் போனவர், பல்லும் பல்லும் உரசுமே என்று அதையும் விட்டுவிட்டார். வீரபுத்திரன் சைக்கிளில் பிரேக் கட்டையைக் கழற்றி எறிந்தான். அதுதான் உராய்வுக்கு அடைக்கலம் கொடுக்கிற இடமாம். அன்றிலிருந்து அவன் எங்கே புறப்பட்டாலும் கண்மாய்க்குள் போய்த்தான் இறங்கினான்.

"என்ன பங்காளி, இன்னைக்கும் குளியலா?" என்று கேட்டார் மாயழகு.

"டவுனுக்குத்தான் கிளம்பினேன். கண்மாய் குறுக்க வந்திடுச்சு."

மாயழகுக்கு ஒரே கவலை, வெள்ளிக்கிழமைதான். உராய்வு திருட்டுத்தனமாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்து கணக்கைக் கெடுத்துவிட்டால்? மகள் படிப்பு என்னாவது? டீச்சரிடமே போய்க் கேட்டார். "எண்ணெய் விட்டா உராய்வு குறையும்யா" என்று டீச்சர் போகிற போக்கில் சொன்னார். அதுவும் சொல்லியிருக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் வீட்டுக்கொரு படி விளக்கெண்ணெய் வசூலாகி, பள்ளிக்கூட வாசலிலிருந்து கரும்பலகை வரைக்கும் தரை முழுக்க மெழுகியாகிவிட்டது. மூவரும் தவழ்ந்து தவழ்ந்து கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஏழு பிள்ளைகளும் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்தார்கள். டீச்சர் வாசலில் நின்று தரையைப் பார்த்தார். "யாரும் உள்ள வராதீங்க!" என்று அவர் திரும்பிக் கத்துவதற்குள் அதிகாரி கோதண்டபாணி ஜீப்பிலிருந்து இறங்கி, விறுவிறுவென்று வந்து, வாசலில் கால் வைத்துவிட்டார்.

வைத்த கால் வைத்த இடத்தில் இல்லை. அதிகாரி நின்ற நிலையிலேயே வகுப்பைக் கடந்தார். கடக்கும்போது, "இங்க யாரு டீச்...?" என்று ஒரு கேள்வியையும் தொடங்கினார். கரும்பலகையில் முட்டித் திரும்பி, கடைசி பெஞ்ச் பக்கம் வந்து, மாயழகின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"என்ன வேகம்!" என்றான் வீரபுத்திரன் பக்தியோடு. "டீச்சரம்மா, விடை வந்திடுச்சு. எழுதிக்குங்க."

"தூக்குங்கடா என்னை!" என்று அதிகாரி அலறினார்.

மாயழகு கையைப் பிடித்தார். கை வழுக்கியது. பெத்தணன் காலைப் பிடித்தார். காலும் வழுக்கியது. பிடித்துத் தூக்க வேண்டுமானால் பிடி வேண்டும். பிடிக்கு உராய்வு வேண்டும். உராய்வோ ஊர்விலக்கில் இருக்கிறது. பெஞ்சைச் சுற்றி உட்கார்ந்து மூவரும் ஆலோசித்தார்கள். அதிகாரி நடுவில் கிடந்தார்.

"ஊர்ல திரும்பச் சேர்க்கணும்னா, ஒதுக்கப்பட்டவன் வந்து கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்கணும். அதுதான் முறை" என்றார் பெத்தணன்.

"உராய்வுக்குத்தான் உடம்பே இல்லையே. எப்படி விழும்?" என்றான் வீரபுத்திரன்.

"அப்ப சொந்தக்காரன் யாராச்சும் விழணும்."

மாயழகு கீழே பார்த்தார். "மச்சான், இந்த ஐயா எதுக்கு விழுந்து கிடக்கார்?"

மூவரும் பார்த்தார்கள். நாம் வேறு யாரையும் விலக்கி வைக்கவில்லை. வேறு யாருக்காக இவ்வளவு பெரிய மனுஷன் இத்தனை தூரம் வந்து இப்படி முழு உடம்பும் தரையில் பட விழ வேண்டும்? சந்தேகமே இல்லை.

"மன்னிச்சோம்" என்றார் பெத்தணன். சொன்ன கையோடு முதுகைச் சுவரில் வைத்து ஒரு தேய் தேய்த்தார் பாருங்கள், அந்த முகத்தில் தெரிந்த ஆனந்தத்தை நான் சொல்லி முடியாது.

சாம்பலைக் கொட்டி அதிகாரியைத் தூக்கி நிறுத்தினார்கள். அவருடைய பேன்ட் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டு, மாயழகின் வேட்டியைக் கட்டிவிட்டார்கள். பேன்ட் காயாமல் ஊரை விட்டுப் போக முடியாது. அதற்குள் விருந்து ஏற்பாடாகிவிட்டது. விலக்கி வைத்தவரைத் திரும்பச் சேர்த்தால் ஊரோடு உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் அல்லவா? தீக்குச்சி உரசினார்கள். வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்தது.

உராய்வை எங்கே உட்கார வைப்பது? ஒருவரை ஒருவர் தொடுகிற இடத்தில்தான் அது இருக்கும். அதனால் ஊரே ஒரே பந்தியில், தோளோடு தோள் இடிக்க, மூச்சு விட இடமில்லாமல் உட்கார்ந்தது. நடுவில் சொந்தக்காரர் என்ற மரியாதையில் அதிகாரி. அவருக்கு ஒரு பக்கம் மாயழகு, மறுபக்கம் தமயந்தி, அவளை அடுத்து எஸ்தர் டீச்சர்.

டீச்சர் எப்படியாவது வகுப்பைக் காப்பாற்றப் பார்த்தார். "சார், பிள்ளைங்க நல்லா படிக்கிறாங்க. வேணும்னா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க."

அதிகாரி முழங்காலைத் தடவிக்கொண்டே தமயந்தியைக் கேட்டார். "உராய்வு எந்தத் திசையில செயல்படும்?"

"பொருள் எந்தப் பக்கம் நகருதோ, அதுக்கு எதிர்ப் பக்கமா, சார்."

மாயழகுக்கு இது புதுச் செய்தி. "அப்படியா பாப்பா? எப்பவும் எதிராத்தானா?"

"எப்பவும் எதிராத்தாம்ப்பா."

"ஒரு பொண்ணு சரியாச் சொன்னா ஆச்சா?" என்று அதிகாரி வெடித்தார். "இந்த வகுப்பை மூடப் போறேன்!"

மாயழகு எடுத்த கவளத்தை இலையிலேயே போட்டார். அப்புறம் மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களாய்யா! உராய்வோட சொந்தக்காரர் மூடப் போறேங்கிறார்! அப்படின்னா மூட மாட்டார்!"

ஊர் ஆர்ப்பரித்தது. குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

"யோவ், நிஜமாவே மூடப் போறேன்யா!"

"நிஜமாவே மூட மாட்டாராம்!" மாலை ஒன்று வந்து அவர் கழுத்தில் விழுந்தது.

வீரபுத்திரன் சாம்பார் வாளியோடு வந்தான். "போதும்" என்றார் அதிகாரி. ஊற்றினான். "போதும், போதும்!" என்றார். வாளியைக் கவிழ்த்தான். இலையை விட்டு ஓடி, வேட்டிக்குள் போய்ச் சுட்டது. அதிகாரி துள்ளினார். படித்தவர் அல்லவா, சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஊத்து! இன்னும் ஊத்து!" என்றார். வீரபுத்திரன் வாளியை நிமிர்த்திக்கொண்டு நகர்ந்துவிட்டான்.

அதிகாரிக்கு இந்த ஊர்ப் பாஷை வசப்பட்டுவிட்டது. மாலையைச் சரிசெய்துகொண்டு, ஊருக்கு உறைக்கும்படி உரக்கச் சொன்னார். "வகுப்பு நடக்கட்டும்! தாராளமா நடக்கட்டும்! என் உத்தரவு!"

எஸ்தர் டீச்சர் கையிலிருந்த அப்பளத்தைப் போட்டுவிட்டுக் கும்பிட்டார். "ரொம்ப நன்றி சார். ஊரே சாட்சி."

அதிகாரி வாயைத் திறந்தார். வீரபுத்திரன் ரசத்தோடு திரும்புவது தெரிந்தது. வாயை மூடிக்கொண்டார்.

பந்தியிலோ ஒரே ஒப்பாரி. மாயழகு இலையைத் தள்ளிவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "போச்சே! என் பிள்ளை படிப்பு போச்சே!"

தமயந்தி சிரிப்பை அடக்க முடியாமல் அவர் பக்கம் குனிந்தாள். "அப்பா, அழாதீங்கப்பா. வகுப்பு இருக்கு. நான் படிக்கப் போறேன்."

மாயழகு அழுகையை நிறுத்திவிட்டு மகளைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். இருவர் தோளும் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு இருப்பதைப் பார்த்தார்.

"ஐயோ மச்சான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். "பிள்ளைக்கும் ஒட்டிக்கிச்சே!"