சிவப்புக் கோட்டின் கழுத்துப் பட்டி

மிராசுதார் வெள்ளைத்துரைக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பழைய பட்டாளத்து உடுப்பும் வாளும் பதக்கமுமாக வீட்டை நிறைத்து வைத்திருந்து என்ன பிரயோஜனம்? அவருடைய கர்னல் கோட்டைப் போலவே மச்சினன் செம்புலிங்கமும் ஒரு சிவப்புக் கோட்டு வாங்கிவிட்டான். அதில் பித்தளைப் பித்தான் நாலு அதிகம் வேறு!

கோயில் கொடைக்கு ஊரே கூடியிருந்தபோது, இரண்டு கோட்டையும் கொண்டுவரச் செய்து, துணி வெளுக்கும் மாடத்தியைக் கூப்பிட்டார்.

"ஏ மாடத்தி, நூறு வருஷத்துக்கு முந்திச் சண்டைக்குப் போன கோட்டு இந்த ரெண்டுல எது? பார்த்து யோசிச்சுச் சொல்லு. தப்பாச் சொன்னா, ஊர்த் துணி ஒண்ணும் உன் கைக்கு வராது."

மாடத்தி இரண்டு கோட்டின் கழுத்துப் பட்டியையும் புரட்டிப் பார்த்தாள்.

"ரெண்டுமே சண்டைக்குப் போனதுதான் எசமான். நானே கண்ணால பார்த்தேன்."

"நூறு வருஷத்துச் சண்டையை நீ எங்கடி பார்த்தே?"

"நம்ம ஊர்க் கொட்டகையிலதான். ரெண்டும் நாடகக் கம்பெனிக்காரங்க துணி. மாறிடக் கூடாதுன்னு சேங்கொட்டை மையில நான் போட்ட குறி, இன்னும் அழியல பாருங்க. உங்க கோட்டுல ஒத்தைப் புள்ளி. அது கர்னல் வேஷக்காரருக்கு."

செம்புலிங்கம் தன் கோட்டை அவசரமாகப் பிடுங்கிப் பார்த்தான். இரண்டு புள்ளி.

"அது பபூனுக்குங்க. அதான் பித்தான் அத்தனை!"

போலிக் கோட்டோடு வீட்டுக்குப் போன மிராசுதார், அன்றைக்கு மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.