பக்கத்து சீட்

ரத்தினசபாபதிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அம்மையின் குடிலுக்கு வந்ததிலிருந்து உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். வெளியே பலாமரத்து நிழலில் அவருடைய கார் நின்றது.

"பழம் கிழம் விழுந்துடுமோன்னு பார்க்கறீங்களா?" என்று கேட்டார் அம்மை.

"இது பலா சீசன் இல்லையேம்மா."

சொல்லிவிட்டு மறுபடியும் போய் மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர் அவர். தில்லைநாயகி அம்மைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவரையே குருவாக எண்ணி, மனசு அலையும்போதெல்லாம் இங்கேதான் வருவார்.

"என்ன விஷயம், சொல்லுங்க."

"என் வீட்டுக்காரி கோமளம் கோவிச்சுக்கிட்டு அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டாம்மா. ஒரு வார்த்தை சொல்லலை. பார்த்தா வீட்டில ஆள் இல்லை. எல்லாம் இந்தக் காராலதான். ஒரு பொருள் மேல இவ்வளவு ஆசை வைக்கிறது தப்பா? வித்துடட்டுமா?"

அம்மை எழுந்து வெளியே வந்தார். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. நீண்ட பானெட்டின் குறுக்கே ஒரு தோல் பட்டை. சைக்கிளுக்கு இருப்பதுபோலக் கம்பிச் சக்கரங்கள். நிற்கும்போதே ஓடுவதுபோல இருந்தது. இந்த ரகத்தில் நாட்டிலேயே இது ஒன்றுதான் மிச்சம் என்று சபாபதிக்குச் சொல்லியிருந்தார்கள்.

அம்மை அதை ஒருமுறை சுற்றி வந்தார்.

"அழகாத்தான் இருக்கு. வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்."

விற்றுவிடுங்கள் என்பார் என்றுதான் சபாபதி நினைத்திருந்தார். சின்னப் பையனைப்போல ஓடிப்போய் ஸ்டார்ட் செய்தார்.

மலைச்சாலையில் எஞ்சின் உறுமியது. காற்று முகத்தில் அறைந்தது. கடைவீதியில் வேகம் குறைந்ததுமே கூட்டம் சூழ்ந்துகொண்டது. ஒருவர் ஹெட்லைட்டைத் தடவினார். இன்னொருவர் செல்ஃபிக்குச் சாய்ந்தார்.

"கை வைக்காதீங்க! பெயின்ட்டு போயிடும்! தள்ளுங்க!"

பெருமையும் பதற்றமுமாக ஒருவழியாக வண்டியைக் கிளப்பினார். அடுத்தடுத்த வளைவுகளில் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பேசிக்கொண்டே போனார். கார்புரேட்டருக்காக பம்பாயில் அலைந்தது, சீட்டுக்குத் தோல் கிடைக்காமல் தவித்தது.

"இந்தச் சத்தத்தைக் கேளுங்கம்மா. வேற எந்த வண்டிக்கும் இது வராது. என்ன சொல்றீங்க?"

பதில் இல்லை. திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட் காலியாக இருந்தது.

அம்மை வளைவில் தூக்கியெறியப்பட்டிருப்பாரோ? வண்டியைத் திருப்பினார். ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தி, இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். "அம்மா! அம்மா!" என்று கத்தினார். முள்செடி பானெட்டைக் கீறியது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

கடைவீதியில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அம்மை மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சபாபதி வண்டியை நடுரோட்டிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்.

"உயிரே போயிடுச்சும்மா. எப்ப இறங்கினீங்க?"

"இங்க நின்னீங்களே, அப்பத்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேனே," என்றார் அம்மை. "கதவை மெதுவாச் சாத்துங்கன்னு சொன்னீங்க."