குறுவீற்று விதி

"டீச்சர், எனக்கே தெரியாததை நான் எப்படிச் சொல்லிக்குடுக்கிறது?"

கேட்டவர் தவசிலிங்கம். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். கால் நூற்றாண்டாக ஏழாம் வகுப்பையும் எட்டாம் வகுப்பையும் கட்டி மேய்ப்பவர்.

கேட்கப்பட்டவர் ஷம்ஷாத். பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். இரண்டு பள்ளிக்கும் நடுவில் ஒரு மதில்தான்.

"எதை சார்?"

"இந்தச் செயற்கை நுண்ணறிவை. திங்கக்கிழமையிலேருந்து எட்டாவதுக்கு வாரம் ஒரு பீரியட். என் தலையில கட்டிட்டாங்க."

கணக்கு வாத்தியாருக்குக் கம்ப்யூட்டர் தானாக வந்துவிடும் என்பது தலைமை ஆசிரியரின் நம்பிக்கை. அதற்கென்று ஒரு நாள் பயிற்சிகூட நடந்தது. டீயும் மிக்சரும் நன்றாக இருந்தன என்று போய்வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

"உங்க ரெண்டாங்கிளாஸ் வாண்டுங்களே அந்த மெஷின்கிட்ட என்னென்னவோ கேக்குதுங்களாமே. அதான் உங்களைத் தேடி வந்தேன்."

ஷம்ஷாத் ஒரு குழந்தைக்குச் சட்டைப் பொத்தானைச் சரியாக மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"தெரியலன்னா தெரியலன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க சார்."

தவசிலிங்கம் சிரித்துவிட்டார்.

"உங்களுக்கு அது சரி. இதுங்க பால்குடி மறக்காததுங்க. எனக்கு எட்டாவது. வாத்தியார் ஒரு தடவை முழிச்சாப் போதும், அன்னிக்கே பட்டப்பேர் வச்சிடுவாங்க. இத்தனை வருஷத்துல ஒரு பையன் முன்னாடிகூட நான் தெரியாதுன்னு சொன்னதில்ல."

உண்மைதான். தெரியாத கேள்வி வந்தால், "அது மேல் வகுப்புல வரும், உக்காரு" என்பார். பிள்ளைகளும் உட்கார்ந்துவிடுவார்கள். மேல் வகுப்புக்குப் போன பிறகு யாரும் திரும்பி வந்து கேட்பதில்லை.

"பேசாம விருப்ப ஓய்வு கேட்டுடலாம்னு இருக்கேன். திங்கக்கிழமை காலையில ஹெச்.எம்.கிட்ட சொல்லிடுவேன்."

பாவம், அந்த வகுப்பறையை விட்டால் மனிதருக்கு வேறு போக்கிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாலே வீட்டில் இருப்புக் கொள்ளாமல் தவிப்பவர்.

ஷம்ஷாத் கடைசிப் பொத்தானையும் மாட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"அடுத்த பீரியட் உங்களுக்கு எட்டாவதுதானே சார்? நான் வரலாமா?"

எட்டாம் வகுப்பில் தவசிலிங்கம் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஷம்ஷாத் கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதினார்.

குறுவீற்று விதி.

"நல்லாக் கவனிங்க. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குறுவீறு உண்டு. குறுவீறுங்கறது பெருவீற்றுல பாதி. பாதியை மடக்கினா மிச்சம் வரும். மிச்சத்தை மடக்கினா மறுபடியும் குறுவீறு வரும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்!"

"யாருக்காவது சந்தேகம்?"

"இல்ல டீச்சர்!"

பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டது.

ஷம்ஷாத் பள்ளியின் மடிக்கணினியைத் திறந்து அதிலிருந்த செயற்கை நுண்ணறிவு மெஷினிடம் பேசினார்.

"குறுவீற்று விதியை எங்களுக்கு விளக்கு."

மெஷின் கொஞ்சமும் தயங்கவில்லை. குறுவீற்று விதி கணிதத்தில் மிக முக்கியமானது என்று கணீரென்ற குரலில் ஆரம்பித்தது. ஆட்டைத் தூக்கி மாட்டில் போட்டது. மாட்டைத் தூக்கி ஆட்டில் போட்டது. கேட்காமலே எடுத்துக்காட்டும் கொடுத்தது. முடிவில், வேறு ஏதும் சந்தேகம் உண்டா என்று பணிவாகக் கேட்டது.

ஷம்ஷாத் மடிக்கணினியை மூடினார்.

"அப்படி ஒரு விதியே கிடையாது. இங்க வர்ற வழியில நானா கட்டிவிட்டது."

பிள்ளைகள் மெஷினைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு தானாக அடங்கியது.

வெளியே வராந்தாவில் ஷம்ஷாத் மெதுவாகக் கேட்டார்.

"சார், நீங்க ஏன் தலையாட்டினீங்க?"

"நானா?"

"பாதியை மடக்கினா மிச்சம்னு சொன்னப்ப."

தவசிலிங்கத்தின் முகம் சிவந்துவிட்டது.

"இல்ல டீச்சர், நாலு பேர் முன்னாடி..."



"எங்க கிளாஸ் பிள்ளைங்க தனியா இருக்குங்க. வரேன் சார்" என்று ஷம்ஷாத் போய்விட்டார்.

திங்கட்கிழமை வந்தது. தலைமை ஆசிரியரின் அறையைத் தாண்டித்தான் எட்டாம் வகுப்புக்குப் போக வேண்டும். தவசிலிங்கம் அந்த வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். "என்ன சார்?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஒன்னுமில்ல சார்" என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு நடந்தார்.

முதல் கேள்வி சஞ்சீவனிடமிருந்து வந்தது.

"சார், அன்னிக்கு அந்த மெஷின் தெரியாததைத் தெரியாதுன்னு ஏன் சொல்லல? அதுக்கும் வெக்கமா சார்?"

வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது. தவசிலிங்கம் அதை மென்று விழுங்கினார்.

"எனக்குத் தெரியாதுப்பா. சேர்ந்து கண்டுபிடிப்போம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பட்டப்பேரும் வைக்கவில்லை.

கடைசி பெஞ்சில் மதுநிலா எழுந்து நின்றாள். வருகைப்பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்வதைத் தவிர அந்தப் பெண்ணின் குரலை அவர் கேட்டதாக நினைவில்லை.

"சார், நான் ஒன்னு கேக்கலாமா? மெஷின் பத்தி இல்ல. கணக்குல."

"கேளு."

"பின்னத்தைப் பின்னத்தால வகுக்கறப்ப ரெண்டாவதைத் தலைகீழாக்கிப் பெருக்கச் சொன்னீங்கல்ல. எதுக்கு சார் தலைகீழாக்கணும்?"

"அது போன வருஷம் நடத்தினதாச்சேம்மா. அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"புரிஞ்சுதான்னு கேட்டீங்க சார். எல்லாரும் புரிஞ்சுதுன்னாங்க. நானும் சொல்லிட்டேன்."

தவசிலிங்கம் சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகைப் பக்கம் திரும்பினார். கை மேலே போனது. போன கை அங்கேயே நின்றது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் பின்னங்களைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறார். ஏன் என்று அவரை ஒருவரும் கேட்டதில்லை. படிக்கிற காலத்தில் அவரும் யாரையும் கேட்டதில்லை.

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஓடிப்போகத் தோன்றவில்லை.

சாக்பீஸோடு கடைசி பெஞ்சுக்கு நடந்தார். பிள்ளைகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றார்.