மைதானத்துப் பட்டா

பள்ளி மைதானம் புறம்போக்கு என்று அரசு வழக்குப் போட்டது. அரசுக்காக வாதாடியவர் வக்கீல் குற்றாலிங்கம். அவரே பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினரும்கூட. இப்படி வழக்கு வந்தால் குழுவிலிருந்து விலக வேண்டும் என்பது விதி. அவர் அசையவில்லை, கேட்கவும் யாருக்கும் துணிவில்லை.

குழுக் கூட்டத்தில் அவர் பள்ளி அலுவலக உதவியாளர் பேச்சியம்மாளை அதட்டினார்: "பீரோவில இருக்கிற அசல் பட்டாவை எடுத்துட்டு வா. என்கிட்ட பத்திரமா இருக்கட்டும். இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

பேச்சியம்மாள் பட்டாவோடு ஒரு நோட்டையும் நீட்டினாள். "பெற்றுக்கொண்டேன்னு கையெழுத்துப் போடுங்கய்யா."

"எதுக்கு?"

"பள்ளிக்கூடத்துக்குப் பட்டாவே இல்லேன்னு கோர்ட்ல பேசுவீங்க. ஜட்ஜய்யா கேட்டா, உங்ககிட்டதான் இருக்குன்னு காட்டணும்ல?"

தாளாளரே சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்த குற்றாலிங்கம், பட்டாவையும் நோட்டையும் தள்ளிவிட்டு, வேறு தாள் வாங்கிக் குழுவிலிருந்து ராஜினாமா எழுதி நீட்டினார்.

"இதுக்கு நாங்க கையெழுத்துப் போட்டுத் தர்றோம்யா" என்றாள் பேச்சியம்மாள்.