வெள்ளிக்கிழமை வரை

ஒருவனைக் காப்பாற்றுவதா, முப்பது குடும்பங்களைக் காப்பாற்றுவதா என்று ஒருத்தி தவித்த கதை இது.

ஆற்றங்கரைச் செங்கல் சூளை ஒன்றில் முப்பது குடும்பங்கள் கொத்தடிமைகளாகக் கிடந்தன. இன்பவல்லி நடத்திய தொண்டு நிறுவனம் அவர்களை ஒவ்வொரு குடும்பமாக மீட்டுப் பார்த்தது. ஒரு குடும்பம் வெளியே வந்தால் முதலாளி வேறொரு குடும்பத்தைப் பிடித்து வந்தான். சலித்துப்போன இன்பவல்லி புதிதாகத் திட்டம் போட்டாள். ஒரே நாளில் மொத்தச் சூளையையும் மீட்க வேண்டும். அதுவரை நம் ஆட்கள் யாரும் உள்ளே தலைகாட்டக் கூடாது. எந்த நாளில் கூப்பிட்டாலும் போலீசோடு வருவதாகச் சப்-கலெக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். நிறுவனத்துக்கு நிதி கொடுப்பவர்கள் வெள்ளிக்கிழமை பார்வையிட வருகிறார்கள் என்பதால் அவள் அந்த நாளையே குறித்தாள்.

புதன்கிழமை மத்தியானம் சூளையிலிருந்து பச்சையம்மாள் போன் செய்தாள். வெளியாட்களிடம் பேசினான் என்று அவள் புருஷன் மாரப்பனைக் கட்டிப்போட்டு மேஸ்திரி இரும்புக் கம்பியால் அடித்துக்கொண்டிருந்தான். அடி விழும் சத்தம் போனிலேயே கேட்டது. இன்பவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சொன்னாள்:

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கோம்மா. இப்ப நாங்க வந்தா மத்தவங்களை எங்கயாவது கொண்டுபோய் மறைச்சிடுவான்."

"அதுக்குள்ள செத்துருவாருக்கா."

பக்கத்தில் நின்ற களப்பணியாளன் சகாயராஜ், அவள் தடுத்தும் கேட்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். மண்வெட்டிப் பிடியால் மேஸ்திரியின் மண்டையைப் பிளந்தான். அடியாட்கள் அவன் பற்களை உடைத்தார்கள். அந்தக் கலவரத்தில் பச்சையம்மாள் புருஷனின் கட்டை அவிழ்த்து, அவனைப் பைக்கில் ஏற்றி, திமிறிக்கொண்டு ஓடிவந்த சகாயராஜின் முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டினாள். துரத்தி வந்தவர்களுக்குக் குறுக்கே போய் விழுந்தாள். அவளை மிதித்துத் தாண்டுவதற்குள் பைக் ரோட்டுக்கு வந்துவிட்டது.

மாரப்பன் பிழைத்தான். பொழுது சாய்வதற்குள் முதலாளி மற்ற அனைவரையும் லாரிகளில் அடைத்து எங்கோ கொண்டுபோய்விட்டான். பச்சையம்மாளும் அவர்களோடு போனாள். வெள்ளிக்கிழமை வந்தவர்கள் காலிச் சூளையைப் பார்த்தார்கள்.

பொறுக்கச் சொன்ன இன்பவல்லியா, பொறுக்காமல் போன சகாயராஜா? இதில் யார் செய்தது சரி, சொல்லுங்கள்.

விடை: சகாயராஜைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுக்கு வேறு வழி தெரியாது. இன்பவல்லிக்குத் தெரியும். ஒருவனா முப்பது குடும்பமா என்ற கேள்வியே பொய். புதன்கிழமையே சப்-கலெக்டரைக் கூப்பிட்டிருந்தால் எல்லோரும் வெளியே வந்திருப்பார்கள். போன் அவள் கையில்தான் இருந்தது. நிதி கொடுக்கும் விருந்தாளிகள் இன்னும் வரவில்லையே என்று ஒரு நொடி யோசித்தாள்; கூப்பிடவில்லை. ஆஸ்பத்திரியில் மாரப்பன் கண் விழித்து, "பச்சையம்மா எங்க?" என்று அவளிடம்தான் கேட்டான்.